டெண்டருக்காக ஒரு தலாக்

1981 ஜனவரி 12

காலையிலேயே கோபம். இவர் விறாந்தையில் டெண்டர் பத்திரத்தை விரித்து வைத்துக்கொண்டு அசையவில்லை. நீர்ப்பாசன வாய்க்காலுக்கு மதகுகள் கட்டும் வேலை. இவருடைய கொந்தராத்துத் தொழிலில் இவ்வளவு பெரிய வேலை வந்ததே இல்லை.

ஒரு நிபந்தனைதான் இடிக்கிறது. விலை கோருகிறவரோ, அவர் மனைவியோ, இவர்களின் உடன்பிறந்தவரோ நீர்ப்பாசன இலாகாவில் வேலை பார்த்தால் விண்ணப்பம் தள்ளுபடி. மறைத்தால் இனி எந்த அரசாங்க வேலைக்கும் கேட்க முடியாது. என்னுடன் பிறந்த மசூர் காக்கா இந்த வருஷம்தான் நீர்ப்பாசனக் கந்தோருக்கு ஓவசியராக மாற்றலாகி வந்தார்.

"ஒங்கட காக்காவுக்கு வேற ஊரே கிடைக்கல்லயா?" என்று என்னிடம் பாய்ந்தார். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

ஜனவரி 15

எழுதவே கை கூசுகிறது. எனக்கு ஒரு தலாக் சொல்வாராம். ஒன்றே ஒன்று. நான் மனைவி இல்லையென்றால் காக்கா மச்சான் இல்லை, பத்திரத்திலும் பொய் இல்லை. இத்தா என்கிற காத்திருப்புக் காலம் முடியுமுன் என்னைத் திரும்ப எடுத்துக்கொள்வாராம்.

"மூணு மாசம் புள்ள. கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள போயிரும்."

என்ன மனிதர் இவர்!

ஜனவரி 18

காக்கா வந்து சத்தம் போட்டார். "ஷரிபுதீன், இது என்ன சீமெந்தா, குடுத்துப்போட்டுத் திருப்பி வாங்க? விளையாட்டுக்குச் சொன்னாலும் தலாக் தலாக்தான்." இவர் தலை நிமிரவில்லை. பிடித்த பிடியை விடவும் இல்லை.

காக்கா போனபின் கேட்டேன், இந்த மதகு இல்லாவிட்டால் பட்டினியா கிடப்போம்?

"மத்தவனெல்லாம் மேல போறான். நான் மட்டும் சாகுமட்டும் வேலியோரம் கல்லு அடுக்கிறதா?"

"அப்ப செய்யுங்க," என்றேன். கோபத்தில் சொன்னதுதான். இவர் அதைக் கோபமாக எடுக்கவில்லை.

பெப்ரவரி 20

விவாகரத்து விசாரிக்கும் காதியார் அச்சிமுகம்மது ஒரு மாதம் தவணை கொடுத்து எங்களைக் கூப்பிட்டுக் கதைத்துப் பார்த்தார். சண்டையே இல்லாத இரண்டு பேரை எப்படிச் சமாதானப்படுத்துவது? காரணம் கேட்டதற்கு "ஒத்து வரல்ல" என்றார் இவர். நானும் தலையாட்டினேன். இன்று இரண்டு சாட்சிகள் முன்னால் சொல்லிவிட்டார். சொல்லும்போது குரல் நடுங்கியது.

எழும்பும்போது காதியார் என்னிடம், "இத்தா எப்ப முடியுதெண்டு கலண்டர் சொல்லாது மகள். மூணாந்தரம் மாசத்தீட்டு வந்தா முடிஞ்சிது. அது ஒனக்குத்தான் தெரியும். ஒன்ட வாக்குத்தான் செல்லும்" என்றார். இவர் அப்போது வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

வீடு என் சீதன வீடு. ஆகவே போக வேண்டியவர் அவர்தான். இரண்டு சாரனையும் டெண்டர் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு சாய்ந்தமருதுக்கு, தன் உம்மா வீட்டுக்குப் போனார்.

மார்ச் 10

டெண்டர் பெட்டியைத் திறந்துவிட்டார்கள். அவருடைய விலைதான் ஆகக் குறைவாம். ஆனால் டெண்டர் சபை கூடி முடிவு சொல்லும் வரை பத்திரத்தில் எழுதியது அப்படியே உண்மையாக இருக்க வேண்டும் என்று காக்கா சொன்னார். அதுவரை அவர் என்னை எடுக்க மாட்டார்.

ஆகக் குறைந்த விலை என்றதும் எனக்குச் சந்தோஷம் வந்தது. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 29

இரண்டாம் முறை தீட்டு. அவர் வரவில்லை.

ஏப்ரல் 14

படலையடியில் சைக்கிளை நிறுத்தினார். இறங்கவில்லை.

"சபை இன்னும் கூடல்ல புள்ள. மே இருவது வரைக்கும் நமக்குத் தவணை இரிக்கிதானே."

தவணையா? நான் என்ன அடகு வைத்த நகையா? கலண்டர் கணக்கு இல்லை இது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேண்டுமென்கிறவர் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டுமே! படலையைச் சாத்திவிட்டு அழுதேன்.

ஏப்ரல் 26

சுபஹுத் தொழுகைக்கு எழும்பியபோது தெரிந்தது, மூன்றாம் முறை. முடிந்துவிட்டது.

யா அல்லாஹ், எட்டு வருஷம். ஒரே ஒரு சொல் போதுமாயிருந்ததே — எடுத்துக்கொண்டேன் என்று. அதற்கு அவருக்கு நேரம் வரவில்லை.

மே 14

மதகு வேலையே இல்லையாம். இந்த வருஷம் பணமில்லை என்று எல்லா டெண்டரையும் தள்ளிவிட்டார்கள்.

அந்திக்கு அவர் வந்தார். இரண்டு சாட்சிகள், கையில் பூந்திப் பார்சல். முற்றத்தில் நின்று, "சுபைறாவ நான் திரும்ப எடுத்துக்கிட்டன்" என்றார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

கதவுக்குப் பின்னால் நின்று சொன்னேன். "இத்தா போன மாசமே முடிஞ்சிது."

"இன்னம் ஆறு நாள் இரிக்கே!"

சாட்சிகளில் ஒருவர் அவருடைய தோளைத் தொட்டு மெல்ல விளங்கப்படுத்தினார்.

"ஏன் புள்ள எனக்குச் சொல்லல்ல?"

"நீங்க கேட்டீங்களா?"

இத்தா முடியவில்லை என்று நான் பொய் சொல்லியிருக்கலாம். யார் மறுக்கப் போகிறார்கள்? ஆனால் காலமெல்லாம் ஹராமில் வாழ்வதா? அவர் பூந்தியைப் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போனார்.

ஜூன் 5

புது மஹர் கொடுத்து, புது நிக்காஹ் செய்தால் நாங்கள் சேரலாம். அவர் கேட்டு அனுப்பியிருக்கிறார். வாப்பா இல்லாததால் எனக்குப் பொறுப்பு காக்காதான். ஜும்ஆ முடிந்து வந்து எதிரில் இருந்தார்.

"ஷரிபுதீன் அழுறான் புள்ள. பாக்கேலாம இரிக்கி." தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "அடுத்த வருஷம் மதகு வேல திரும்ப வருமாம். அதுக்குள்ள என்னய வேற ஊருக்கு மாற்றம் கேக்கச் சொல்றான்."

சைக்கிள் மணி கேட்டால் எனக்கு இப்போதும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அதை மறைத்து என்ன?

முதல் நிக்காஹ்வின்போது வாப்பா சம்மதம் கேட்டார். நான் தலை குனிந்து சும்மா இருந்தேன். குமர்ப்பெண் பேசாமல் இருந்தால் அதுவே சம்மதம் என்று எல்லோரும் எழும்பிப் போனார்கள். கல்யாணம் முடித்து வாழ்ந்தவளுக்கு அப்படியில்லை, வாய் திறந்து சொன்னால்தான் செல்லும் என்று காக்கா இன்று சொன்னார்.

"சொல்லு புள்ள. ஓமா?"

நான் வாய் திறக்கவில்லை. காக்கா அஸர் பாங்கு வரை பார்த்திருந்தார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனார்.