மங்கலான சிவப்பு பல்பு

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? நம் பாப்பாவுக்குச் சளி விட்டதா?

சூரியனையும் அதன் அக்கம்பக்கத்து நட்சத்திரங்களையும் விளக்குகளாகக் கண்காட்சிக் கூடத்தில் தொங்கவிட்டிருக்கிறோம். வயரிங் முழுக்க நான்தான். சூரியனுக்கு அடுத்த சிவப்பு பல்பு மங்கலாக எரிந்தது. பழுது என்று நினைத்து, பளிச்சென்று எரியும் ஒன்றை மாட்டிவிட்டேன். கண்காட்சியை நடத்தும் விஞ்ஞானி அம்மா சிரித்துவிட்டார்.

"பழுது இல்லம்மா. சூரியனுக்கு ரொம்பக் கிட்ட இருக்கிற நட்சத்திரமே அதுதான். ஆனா வெறுங்கண்ணுக்குத் தெரியாது."

பழையதையே திரும்ப மாட்டிவிட்டு, வரைபடத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"படத்துல இந்தச் சிவப்பு நட்சத்திரத்தோட குடும்பத்துல மூணு பேர். இங்க ரெண்டு பேர்தானே தொங்கறாங்க, இன்னொருத்தர் எங்கே, அம்மா?"

அவர் எண்ணிப் பார்த்தார், முகம் மாறியது. மூன்றாவதையும் நானே தொங்கவிட்டேன். வாசல் பலகையில் இப்போது என் பெயரும் இருக்கிறது, மாமா! "பொம்பளைக்கு எதுக்கு ஸ்க்ரூடிரைவர்?" என்று கேட்ட உங்கள் சித்தப்பாவிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பாப்பாவுக்குச் செருப்பு வாங்க வேண்டும், இப்போதைய அளவு எனக்குத் தெரியவில்லை. பாதத்தைத் தாளில் வைத்து, விரல் விடாமல் வரைந்து அனுப்புங்கள்.

வேன் வந்துவிட்டது, டிரைவர் ஹாரன் அடிக்கிறான். இரண்டு தாளில் வரையுங்கள். கடைக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

உங்கள் எலக்ட்ரீஷியன்