மைக் இல்லாத ஞாயிறு

மார்ச் 5, வியாழன்
காலையிலேயே வெயில். மூடிக்கிடக்கும் தங்கச் சுரங்கத்தின் கழிவுமண், சயனைடு மேட்டிலிருந்து தூசு. கோயிலில் பீடத்துணியை மறுபடி உதற வேண்டும்.

மாலை சபைக் கமிட்டி. பெரிய திரை, புது ஸ்பீக்கர், வண்ண விளக்கு வேண்டுமாம். சபையில் பாதிப் பேர் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய்ப் பிழைக்கிறவர்கள்; நமக்கு வண்ண விளக்கு! கத்திவிட்டேன். ஆண்டவருக்குக் காது நன்றாகவே கேட்கும், வெறும் வாய் போதும் என்றேன். செயலாளர் தேவசகாயம் சிரித்தார்.

"சரி பாஸ்டர், ஒரு ஞாயிறு உங்க இஷ்டம். மைக்கு வாணாம், கீபோர்டு வாணாம். ஜனம் ஒத்துக்கினா திரையும் வாணாம். இல்லன்னா அப்பறம் நீங்க வாயே தொறக்கக் கூடாது."

சரி என்றேன். எத்தனை சபையில், எத்தனை கமிட்டியில் நான் கேட்டும் கிடைக்காதது இது!

மார்ச் 7, சனி
பழைய கீர்த்தனை மூன்று. எல்லாருக்கும் தெரிந்தவை. ஒயரெல்லாம் நானே சுருட்டிவைத்தேன். பூ வேண்டாமென்று சொல்லியனுப்பியாயிற்று. குக்கர் கேஸ்கெட் வாங்க மறந்து மனைவி எஸ்தரிடம் திட்டு. "ஊரத் திருத்தறது இருக்கட்டும், சோறு இன்னா ஆறது?"

சந்தோஷம். கொஞ்சம் பயமும்.

மார்ச் 8, ஞாயிறு
நல்ல கூட்டம். பாட்டை நானே எடுத்தேன். இரண்டாம் அடியில் என் குரல் மட்டும்.

முன் பெஞ்சுகளில் பென்ஷன்காரர்கள், எல்லாரும் சுரங்கத்தில் இறங்கியவர்கள். வாய் அசைகிறது, பாட்டு வரவில்லை. இழுப்பு, இருமல். கோயில் முழுக்க அதுதான் கேட்டது. பாறைத்தூசு தின்ற நுரையீரல். இத்தனை நாள் ஸ்பீக்கர் அதை மூடிவைத்திருக்கிறது. பின்வரிசைப் பிள்ளைகளுக்குப் பாட்டே தெரியாது.

அப்பாவும் சுரங்கக்காரர்தான். கடைசியில் இப்படித்தான் இழுத்தார், இதே சத்தம். எனக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும்? வெட்கமாக இருக்கிறது.

வாசலில் ஆசீர்வாதம் பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார். கோபமே இல்லை. "மைக்கு இருந்தா நாங்களும் பாடறாப்பல இருக்கும், பாஸ்டர். இன்னிக்கு இருமறதுக்குன்னே வந்தாப்பல ஆயிடுச்சி."

மார்ச் 10, செவ்வாய்
மறுபடி காற்று. பீடத்துணி சாம்பல் நிறம். கேஸ்கெட் வாங்கியாயிற்று.

தேவசகாயம் குத்திக்காட்டவில்லை. காட்டியிருக்கலாம். திரை வருகிறது, விளக்கும் வருகிறது. ஸ்பீக்கர் மட்டும் போதாதா என்று கேட்கப் போனேன். வாயே திறப்பதில்லை என்று ஒப்புக்கொண்டது நினைவு வந்தது. கமிட்டித் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டேன். இனி இந்தப் பேச்சை யாரிடமும் எடுக்க முடியாது.

ஒயரையெல்லாம் நானே மறுபடி மாட்டினேன். யாருமில்லை, கொஞ்சம் ஜெபிக்கலாமென்று முன் பெஞ்சில் உட்கார்ந்தேன். வெறும் வாய் போதுமென்றவனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை.