முதல் மடக்கு

புவெனஸ் ஐரிஸ்

என் தங்கமே,

உன் கல்யாணத்துக்கு வருவாயா என்று கேட்டிருந்தாய். நான் விடுப்புக் கேட்கும்போதெல்லாம் வேலை பார்க்கும் வீட்டு எஜமானி கிரசீலா அம்மாள், "நீ நம்ம வீட்டு மனுஷிடி, உனக்கு எதுக்கு லீவு?" என்பார்.

இங்கும் நம் அசுன்சியோன் போலவே மாத்தே டீயை ஒரே குழலில் மாறி மாறிக் குடிக்கிறார்கள். ஊற்றிக் கொடுப்பவள் நான். ஊற்றுகிறவர்தான் முதலில் குடிப்பது வழக்கம். இந்த வீட்டில் மட்டும் என் வாய் படக் கூடாதென்று முதல் மடக்கைத் தொட்டியில் கொட்டுவேன்.

நேற்று விருந்தாளிகள் முன் அதை நானே குடித்தேன். அம்மாள் முகம் சிவந்தது.

"என்ன நில்டா இது?"

"வீட்டு மனுஷிதானேம்மா. என் மக கல்யாணத்துக்கும் போகணும்."

"போனா அப்படியே போயிடு."

அசுன்சியோனுக்கு பஸ் டிக்கெட் எடுத்துவிட்டேன். உன் தலையை நான்தான் பின்னுவேன். வேறு யாரையும் தொட விடாதே.

உன் அம்மா