பழைய சிப்புக்கு எழுதியது

செவ்வாய்க்கிழமை இரவு. மழை.

இதற்கெல்லாம் டைரியில் ஒரு பக்கத்தை வீணாக்குவதற்கு மன்னிப்பு. தூக்கம் வரவில்லை.

தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் விசிறிகளுக்கு நான்தான் டிரைவர் கோட், அதாவது அவற்றை இயக்கும் புரோகிராம், எழுதினேன். அது பழைய சிப்புக்கு எழுதியது. அதே வரிசையில் புது சிப் வந்ததும் பெரும்பகுதியை இரண்டுக்கும் பொதுவாக்கினேன். விசிறியின் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் டைமர் மட்டும் புதியதில் வேறு மாதிரி. அதை மாற்றி எழுதும்வரை புது சிப்பில் இந்தக் கோட் போட வேண்டாம் என்று, மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் பிரகாஷ் அண்ணனிடம் சொல்லியிருந்தேன்.

"ஒரே கம்பெனி சிப்புதானே லா, ஓடும். நீ எதுக்கெடுத்தாலும் பயப்படுற" என்று சிரித்தார். நான் லீவில் இருந்த அன்று போட்டுவிட்டார்.

நேற்று இரவு விசிறிகள் பாதி வேகத்தில்தான் சுற்றியிருக்கின்றன. காலையில் கொழுந்து சூடேறிச் சிவந்து வீணாகிக் கிடந்தது. மேனேஜர் துரை வந்து, யார் செய்த வேலை என்று கேட்டார்.

"கோட் கவிதா எழுதுனது, துரை. நான் ஏத்துனதோட சரி" என்றார் அண்ணன். என்னை இந்த வேலைக்குச் சேர்த்துவிட்டவர் அவர்தான். என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்தக் கொழுந்தைப் பரப்பியது அப்பா. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"சின்னப்புள்ள, துரை. இந்த ஒருவாட்டி மன்னிச்சிருங்க."

வீட்டில் அவர் எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். நானாகச் சொன்னால், பழியைத் தள்ளிவிடப் பார்க்கிறேன் என்று நினைப்பாரோ.

நாளை அண்ணனிடம் கேட்டுவிட வேண்டும். துரைகிட்ட சொல்ல வேணாம்ணே. எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடுங்க.