ரப்பர் பக்கம் இருபத்திரண்டு

5 ஆகஸ்டு 1963, திங்கள்

கோழித் தவிடு தீர்ந்துவிட்டது. மாப்பிள்ளை விமானியாக இருக்கிற கம்பெனிக்குப் புது விமானம் வந்துவிட்டது. இரண்டில் தவிடுதான் எனக்கு அவசரம். ஆனாலும் சாப்பாட்டு அடுக்கைத் தூக்கிக்கொண்டு மலாக்காவின் பத்து பெரண்டாம் விமானத் திடலுக்குப் போனது நான்தான். மகள் சிவகாமு பண்டார் ஹிலிரில் தையல் கடைக்குப் போய்விடுகிறாள். அவள் புருஷன் காலையில் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போகிறான். நடுவில் இருக்கிற கிழவிக்கு பஸ் பயணம்.

அடுக்கை அவன் கையில் கொடுக்க மாட்டேன். விமானத்துக்கு எண்ணெய் ஊற்றுகிற சுப்பையனைக் கூப்பிட்டுக் கொடுப்பேன். திரும்பி வர பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம். அதுவரை வேலி ஓரத்து மரத்தடியில் உட்கார்ந்து, மேலே போனது கீழே வருவதைப் பார்ப்பேன்.

புதுசுக்கு ஒரே காற்றாடி, முதலை மாதிரி மூக்கு. பழையது இருமிக்கொண்டு வரும். இது கொதிக்கிற கெட்டில் மாதிரி கீச்சிடுகிறது. "இது பெட்ரோல் குடிக்காதுக்கா, மண்ணெண்ணெய்" என்றான் சுப்பையன். என் அடுப்பும் அதைத்தான் குடிக்கிறது, அதற்காக நான் அதன்மேல் ஏறி உட்காருவதில்லை என்றேன்.

மாப்பிள்ளை இன்று அதை ஏழு தரம் இறக்கினான். நான்கு தொப்பென்று.

9 ஆகஸ்டு, வெள்ளி

மாப்பிள்ளையோடு மாமியார் நேருக்கு நேர் பேசுவதில்லை என்பது நம் வழக்கம். நான் ஏழு வருஷமாகப் பேசாததை ஊர் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது. வழக்கம் பாதி. மீதிப் பாதி கோபம். மறந்துவிடக் கூடாது என்று எழுதி வைக்கிறேன்; மறக்கவும் மாட்டேன்.

ஒன்று: மாப்பிள்ளை தெய்வநாயகம் இந்தக் காஜா பெராங் செட்டிக் குடும்பத்துப் பிள்ளை, தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறியவர்கள். பெயரில் இருக்கிற தமிழ் வாயில் கிடையாது. வீட்டில் எல்லாம் மலாய். அவனுக்குத் தெரிந்த தமிழ் பத்துச் சொல், அதில் ஆறு சோறு சம்பந்தப்பட்டது. என் மகள் பேச ஆளில்லாமல் போய்விடுவாள் என்று சொன்னேன். அவளும் மலாய்க்குப் போய்விட்டாள்.

இரண்டு: பேத்திக்கு மீனாச்சி என்று அவன் பாட்டி பெயர். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்று: 1959 மார்ச் ஏழாம் தேதி, சனிக்கிழமை. பழைய விமானத்தை நம் கூரைக்கு மேல் தாழ ஓட்டிக் கையாட்டினான். காய வைத்த வடகம் முழுவதும் பக்கத்து வீட்டுக் கூரையில். கோழி பதினொரு நாள் முட்டையிடவில்லை.

14 ஆகஸ்டு, புதன்

துரை வைத்த முதல் பரீட்சையில் தோற்றுவிட்டான். துரை என்றால் கம்பெனியின் தலைமை விமானி, கழுத்து மட்டும் சிவந்த ஒரு வெள்ளைக்காரன்.

சாப்பிடும்போது சிவகாமுவுக்குக் கரண்டியை வைத்து விளக்கினான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். பழைய விமானத்தில் தரைக்கு மேலே வந்ததும் இஞ்சின் வேகத்தைக் குறைக்கிற பிடியைப் பின்னால் இழுத்துவிட்டால் போதுமாம். காகிதம் மாதிரி மிதந்து தானாக உட்காருமாம். புதுசில் இழுத்தால் காற்றாடியின் தகடுகள் எல்லாம் காற்றுக்கு முகம் காட்டி நின்றுவிடும், எதிர்க்காற்றில் குடையை விரித்த மாதிரி. மிதப்பதெல்லாம் கிடையாது, கல். சரி என்று திரும்பத் தள்ளினால் இஞ்சினுக்கு மூச்சு வர நேரமாகும், அதற்குள் தரை வந்துவிடும். அவசரமாகத் தள்ளினாலோ மூக்கு இடது பக்கம் திரும்பி ஓடும். இன்று ஓடியதாம், புல் வரைக்கும். ஆகவே சக்கரம் தரையைத் தொடும் வரை இழுக்காமல், கொஞ்சம் இஞ்சின் வேகத்தோடே கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

"எல்லாம் தெரியுது. எட்டு வருஷமா பழகின கை, அது கேட்கமாட்டேங்குது" என்று மலாயில் சொன்னான்.

பிறகு வந்தது முக்கியமான செய்தி. பரீட்சையில் தேறினால் கடல் தாண்டிச் சரவாக் போக வேண்டும். அங்கே காட்டுக்குள் குட்டை குட்டையாகத் திடல்கள் இருக்கிறதாம், இந்த விமானம் அதற்குத்தான் வாங்கியது. சிவகாமுவும் பேத்தியும் கூடப் போவார்கள். இதை அவள் ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

தோற்கட்டும்.

15 ஆகஸ்டு, வியாழன்

எழுதியதைத் திரும்பப் படித்தேன். அடிக்கவில்லை. தோற்கட்டும்தான்.

22 ஆகஸ்டு, வியாழன்

ஒன்று கண்டுபிடித்தேன். திடலுக்கு இரண்டு முனை. ஒன்று வயல் பக்கம், ஒன்று ரப்பர் தோட்டப் பக்கம். காற்று எப்படி அடிக்கிறதோ அதற்கு எதிராக இறங்குவார்கள். வயல் பக்கமிருந்து வந்தால் தெய்வநாயகம் பூப் போல வைக்கிறான். ரப்பர் பக்கமிருந்து வந்தால் மரத்துக்குப் பயந்து உயரமாக வருகிறான். மரம் தாண்டியதும் சீக்கிரம் இறங்க வேண்டும் என்று பிடியை இழுத்துவிடுகிறான். எனக்குப் பிடி தெரியாது, சத்தம் தெரியும். சக்கரம் தொடுவதற்கு முன்னாலேயே கீச்சு அடங்கிவிடுகிறது. அடங்கினால் தொப். நான் கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்.

துரைக்கு இது தெரியவில்லை. சில நாள் நன்றாக இறக்குகிறான், சில நாள் இல்லை, நம்ப முடியாத ஆள் என்று சொன்னானாம். எண்ணினால்தானே தெரியும்.

31 ஆகஸ்டு, சனி

இன்று மலேசியா பிறப்பதாக இருந்தது. பதினாறாம் தேதிக்குத் தள்ளிவிட்டார்கள். அரசாங்கத்துக்கே முதல் தடவையில் சரியாக இறங்கவில்லை.

6 செப்டம்பர், வெள்ளி

இரண்டாம் பரீட்சை. காற்று மாறி, ரப்பர் பக்கமிருந்து வரும்படி ஆயிற்று. வேலி ஓரம் உட்கார்ந்து பார்த்தேன். கீச்சு அடங்கியது. தொப்பென்று விழுந்து, எகிறி, மறுபடி விழுந்து, வால் சக்கரம் தனியாக உருண்டு போயிற்று. சுப்பையன் ஓடிப் பிடித்து வந்தான், கோழியைப் பிடித்த மாதிரி.

இன்னும் ஒரே ஒரு பரீட்சை. அதிலும் போனால் விமானம் கிடையாது, கிடங்கில் சாமான் கணக்குப் பார்க்கலாம் என்று துரை சொல்லிவிட்டான். பழைய விமானத்தையும் விற்கப் போகிறார்களாம்.

இது வரை நான் பார்த்தது நாற்பத்தொன்று. வயல் பக்கம் பத்தொன்பது, கெட்டது இரண்டு. ரப்பர் பக்கம் இருபத்திரண்டு, கெட்டது பதினைந்து.

அவன் சாப்பிடவில்லை. பேத்தி மடியில் ஏறினாள், இறக்கிவிட்டான். இதுவரை செய்ததில்லை.

8 செப்டம்பர், ஞாயிறு

சம்பந்தி அன்னம்மா வந்தாள், கெபாயாச் சட்டை, கொண்டை ஊசி எல்லாவற்றோடும். பலகாரம் கொண்டுவந்தாள். இனிப்பு அதிகம். மகன் மூன்று நாளாகப் பேசவில்லை என்று வருத்தப்பட்டாள். பரீட்சை போனால் போகட்டும், இங்கேயே எல்லாரும் இருக்கலாம், உனக்கும் மகன் பக்கத்தில் இருப்பான் என்றேன். மலாயில்தான். அவளோடு சண்டை போட எனக்கு மலாய் நன்றாக வரும்.

அவள் பலகாரத்தை என் பக்கம் தள்ளினாள். "உன் மகளுக்குப் புருஷன் வேணுமா, வீட்டுல ஒரு மூட்டை வேணுமா?"

 சொல்ல வேண்டிய பதில் அவள் போன பிறகுதான் ஞாபகம் வந்தது. அது எனக்கு நடப்பதே இல்லை.

10 செப்டம்பர், செவ்வாய்

எனக்குத் தெரியும், சொல்லவில்லை. சிவகாமுவிடம் ஒரு வரி சொன்னால் போதும். அவனிடம் நேரில் பேச வேண்டியதுகூட இல்லை. பாவம் என்று எழுத வேண்டுமா? எழுத மாட்டேன். மூத்தவள் தங்கம்மா போன பிறகு எனக்கு இருக்கிறது இவள் ஒருத்திதான். பெரியவளைக் கிள்ளானில் கட்டிக் கொடுத்தேன், பிள்ளைப்பேற்றில் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று தந்தி வந்தது. போகும் தூரத்தில் இருந்தும் என்னால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. சரவாக் கடலுக்கு அந்தப் பக்கம்.

யார் என்னைக் கேட்கப் போகிறார்கள்? நான் கிழவி. எனக்கு விமானம் என்ன தெரியும்?

16 செப்டம்பர், திங்கள்

மலேசியா வந்துவிட்டது. சரவாக்கும் நம் நாடாம். தூரம் குறையவில்லை.

24 செப்டம்பர், செவ்வாய்

கடைசிப் பரீட்சை வியாழக்கிழமை. ஆள் நிரப்பி இறக்கிக் காட்ட வேண்டுமாம். மூட்டை அடுக்கினால் ஆகாதா என்றால், மூட்டைக்குப் பயம் தெரியாது, காட்டில் ஏறப் போவது மனுஷர்கள் என்று துரை சொல்லிவிட்டான். கம்பெனி ஆட்கள் ஐந்து பேர். ஆறாவதாக சிவகாமு தன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

அவளுக்கு மூன்று மாசம். புருஷனிடம் இன்னும் சொல்லவில்லை. பரீட்சை முடியட்டும் என்று வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாள். கருவாட்டு வாசனைக்கு முற்றத்துக்கு ஓடுகிற எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

"நீ போகாதேடி. நான் போறேன்."

"உனக்குப் பயமா இருக்கும்மா."

"எடைதானே வேணும்? உன்னைவிட என்கிட்ட அதிகம்."

26 செப்டம்பர், வியாழன்

எழுத்து இன்று கோணலாகத்தான் வரும்.

மூட்டை நிறுக்கிற தராசில் என்னை ஏற்றி நிறுத்தார்கள். எண்ணை இங்கே எழுதத் தேவையில்லை. சுப்பையன் பார்த்துவிட்டான், அவனை மன்னிக்க மாட்டேன்.

எனக்கு மாப்பிள்ளைக்கு நேர் பின்னால் இடம். அவன் பக்கத்தில் துரை. மற்றவர்கள் பின்னால். சுப்பையன் கந்த சஷ்டியில் பாதியும் வேறு ஏதோ பாதியும் முணுமுணுத்தான். மேலே போனது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலே போவது யாருக்கும் கஷ்டமில்லை. காஜா பெராங் தெரிந்தது, நம் கூரை தெரிந்தது, வடகம் காயப்போட்டிருந்தேன், அதுவும் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

திரும்பும்போது பார்க்கிறேன் — ரப்பர் மரம். காற்று அந்தப் பக்கம்.

அவன் கழுத்தில் வியர்வை ஓடியது. உயரமாக வந்தான், எப்போதும் போல. ஆள் நிறைந்து கனமாக இருக்கிறது, விழுந்தால் சக்கரத்தோடு நிற்காது. மரம் காலுக்குக் கீழே போயிற்று. அவன் கை அந்தப் பிடியில் இருந்தது. வேலியிலிருந்து சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறேன், இப்போது கையே கண் முன்னால். அது மெல்லப் பின்னால் வருகிறது. அவனுக்கே தெரியாமல் வருகிறது. கீச்சு இறங்குகிறது.

சும்மா இருந்திருக்கலாம்.

"ஜாஙான் தாரிக்!" என்று கத்தினேன். இழுக்காதே என்று. தமிழில் சொன்னால் அவனுக்குப் புரிவதற்குள் தரை வந்திருக்கும். சொன்னது மட்டுமா, தோளையும் பிடித்துவிட்டேன்.

கை நின்றது. பிறகு ஒரு நூல் முன்னால் போயிற்று, மெதுவாக, அவசரமில்லாமல். கீச்சு திரும்பி வந்தது. தரை எங்கே என்று தேடினேன், அதன் மேல் ஓடிக்கொண்டிருந்தோம்.

துரை திரும்பி என்னைப் பார்த்தான், கோழி பேசியதைப் பார்த்த மாதிரி. மாப்பிள்ளையிடம் ஏதோ கேட்டான், அவன் ஏதோ சொன்னான். துரை விரலை வாயில் வைத்து எனக்குக் காட்டினான், இனி பேசாதே என்று. பேசவில்லை. முதலாவதைச் சேர்க்க மாட்டேன் என்று சொல்லி இன்னும் மூன்று தரம் ரப்பர் பக்கமிருந்தே இறக்கச் சொன்னான். நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். மூன்றையும் மாப்பிள்ளை தானாகவேதான் இறக்கினான். சக்கரம் தொட்ட பிறகுதான் கீச்சு அடங்கியது. மூன்றும்.

இறங்கிய பிறகு என் முன்னால் வந்து நின்றான். "மாமி, எப்படித் தெரிஞ்சது?" என்று மலாயில் கேட்டான். நான் சுப்பையனைப் பார்த்து, ரப்பர் பக்கம் இருபத்திரண்டில் பதினைந்து, வயல் பக்கம் பத்தொன்பதில் இரண்டு என்று சொல்லச் சொன்னேன். இரண்டு முழத் தூரத்தில் நிற்கிறவனுக்கு சுப்பையன் சொன்னான்.

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டான். அதை நான் சுப்பையனிடம் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்குப் புரிந்துவிட்டது.  நான் பஸ்ஸுக்குப் போக விலகி வழி விட்டான்.

ஏன் கத்தினேன்? உயிருக்குப் பயந்தா? அப்படி எழுதினால் வசதி. ஆனால் நான் பயப்பட்டது எல்லாம் முடிந்த பிறகுதான். கண் எதிரில் ஒருத்தன் தன் வேலையைத் தானே கெடுப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியவில்லை. தோசைக் கல்லில் எவளாவது வேகாமல் திருப்பினாலும் கையைப் பிடிப்பேன். பழக்கம். எனக்கும் கை கேட்கவில்லை.

27 செப்டம்பர், வெள்ளி

தேறிவிட்டான். சிவகாமு வயிற்று விஷயத்தையும் சொல்லிவிட்டாள். வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்குப் பல் வலி.

20 அக்டோபர், ஞாயிறு

போய்விட்டார்கள். சிங்கப்பூர் போய் அங்கிருந்து கப்பல். அன்னம்மா அழுதாள். நான் பேத்தியின் ரிப்பனைச் சரி செய்துகொண்டிருந்தேன், இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டினேன். ஏறும்போது மாப்பிள்ளை என் காலில் விழுந்தான். கல்யாணத்தன்றே விழுந்திருக்கலாம்.

தையல் ஊசி டப்பாவை சிவகாமு விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

8 டிசம்பர், ஞாயிறு

சரவாக்கில் கூச்சிங்கிலிருந்து கடிதம். சிவகாமு இரண்டு பக்கம். வயிறு தெரிகிறதாம், மீனாச்சிக்குக் கொசுக்கடி, மீன் மலிவு. அடியில் அவன் கையெழுத்தில் பத்து வரி, மலாயில். மேலே "மாமிக்கு" என்று மட்டும் தமிழில், எழுத்து எழுத்தாகப் பார்த்து வரைந்திருக்கிறான். எனக்கு மலாய் எழுத்து படிக்க வராது. அன்னம்மா வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவள் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்துச் சொன்னாள்.

மலைச்சரிவில் திடலாம். ஒரு முனை மேடு, ஒரு முனை ஆறு. மேட்டை நோக்கித்தான் இறங்க முடியும், ஒரு தரம் வந்துவிட்டால் திரும்ப வழியில்லை. இந்த வாரம் ஒன்பது இறக்கம். எட்டு நல்லது. ஒன்றில் கொஞ்சம் தொப். அவனே எழுதியிருக்கிறான், மறைக்கவில்லை. பிரசவத்துக்கு மாமி வர வேண்டும் என்றும், கூச்சிங் வந்து இறங்கினால் தானே விமானத்தில் ஏற்றிக்கொள்வதாகவும் எழுதியிருக்கிறான். அன்னம்மா அந்த இடத்தை இரண்டு தரம் படித்தாள்.

அவனுக்கு நானே எழுதப் போகிறேன், தமிழில். சிவகாமு படித்துச் சொல்லட்டும். கெட்ட அந்த ஒன்றில் காற்று எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. அதை முதலில் கேட்க வேண்டும்.