விழுந்தால் எழாத அணி

மார்ச் 2

அன்புத் தம்பிக்கு,

இங்கே நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன, உன் முட்டியா கிழிந்தது? என் மகளை மறுபடி கோர்ட்டில் இறக்கப் போகிறாயாமே. அவளே பெருமையாகச் சொன்னாள். போன வருஷம் உன் அணியில், அதுவும் பயிற்சி ஆட்டத்தில், முழங்கால் ஜவ்வு அறுந்து ஆபரேஷன் ஆனவள். வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

உன் மகளிர் கூடைப்பந்து அணிக்கு ஊரில் என்ன பேர் தெரியுமா? முட்டுவண்டி. எங்கள் அலுவலக டிரைவர்கூட, "உங்க தம்பி டீமாம்மா? அவங்க ஆடினா பந்துக்கு முன்னாடி ஆம்புலன்ஸ் வந்துடுமே" என்கிறார். மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது?

போன் செய்யாதே. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் "பதறாதீங்க, ஆள் வந்துட்டே இருக்காங்க" என்று நாள் முழுக்க உதவி லைனில் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் நான். போனில் வரும் ஆறுதல் என்னிடம் செல்லாது. எழுது. இன்னொரு தரம் அவளுக்கு அடிபட்டால் கையோடு கூட்டிவந்துவிடுவேன். அப்புறம் நீ யாரோ, நான் யாரோ.

இப்படிக்கு,
அக்கா

மார்ச் 7

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்து என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "யாரு மாமா, எதிர் டீம் கோச்சா?" என்றாள் உன் மகள். "அதைவிடப் பெரிய ஆள். உங்கம்மா" என்றேன்.

முட்டுவண்டி என்ற பேர் சும்மா வரவில்லை. கோர்ட் முழுக்க ஆளோடு ஆள் ஒட்டிக்கொண்டு நெருக்கினோம். எதிரணி பயத்திலேயே பாதி தோற்றது. ஆனால் சீசன் முடியும்போது என் பெஞ்சில் இருந்தவர்களில் பாதிப் பேர் காலில் ஐஸ் பை. இந்த வருஷம் அந்த ஆட்டமே கிடையாது. பாஸ், பாஸ், மறுபடி பாஸ். எதிராளி அசந்த நேரம் ஒரு ஷாட். "முட்டுவண்டி மாட்டுவண்டி ஆயிடுச்சு" என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

அடுத்த சனிக்கிழமை அரையிறுதி. டாக்டர் சரி சொன்ன பிறகுதான் அவளை இறக்குகிறேன், அதுவும் கடைசிப் பத்து நிமிஷம் மட்டும். நேரலையில் வருகிறது. பார்.

உன்,
தம்பி

மார்ச் 14, மாலை

தம்பி,

பார்த்தேன். இறங்கிய கொஞ்ச நேரத்தில் எவளோ இடித்ததில் என் மகள் மல்லாந்து விழுந்தாள். எழவில்லை. மற்ற நாலு பேரும் ஓடிவந்து அவளைச் சுற்றி நின்றார்கள். அதற்கு மேல் பார்க்க எனக்குத் தெம்பில்லை. கம்ப்யூட்டரை மூடினேன். போனை அணைத்து மாவு டப்பாவுக்குள் போட்டேன்.

அப்புறம் அவள் பக்கத்து வீட்டம்மாவுக்குப் போன் செய்து, "எனக்கு ஒண்ணுமில்லன்னு அம்மாகிட்ட சொல்லுங்க" என்றாளாம். போன தரம் முட்டி பூசணிக்காயாக வீங்கியிருந்தபோதும் இதே வார்த்தைதான். வேலைக்கு மாற்று ஆள் கிடைத்ததும் புதன்கிழமை வருகிறேன். பெட்டியைக் கட்டி வைக்கச் சொல். முழுசாக ஒரு பெண்ணைக் கொடுத்தேன், முழுசாகத் திருப்பிக் கொடு என்றுதானே கேட்டேன்?

அக்கா

மார்ச் 16

அக்கா,

அவளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. இந்த வரியை இரண்டு தரம் படி, தண்ணீர் குடி, பிறகு மீதியைப் படி.

விழுந்தவள் தானாக எழக்கூடாது என்பது எங்கள் அணியில் இந்த வருஷத்துச் சட்டம். அதை உனக்கு எழுத மறந்தேனே, மண்டையில் மசாலா இல்லாதவன். அடிபட்டது தெரியாமல் துள்ளி எழுந்து ஓடித்தான் பலர் காயத்தைப் பெரிதாக்கிக்கொண்டார்கள். அதனால் விழுந்தவள் அப்படியே கிடக்க வேண்டும். மற்றவர்கள் வந்து எங்கே வலிக்கிறது என்று கேட்டுத்தான் தூக்குவார்கள். யோசனை உன் மகளுடையது. படுத்துக்கொண்டு அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அம்மா பார்த்துட்டு இருப்பாங்க, சீக்கிரம் தூக்குங்கடி!"

இன்னும் கேள். கொஞ்ச நேரத்தில் எதிரணிப் பெண் ஒருத்தி விழுந்தாள். பழக்கதோஷத்தில் நம் பெண்கள் அவளையும் போய்ச் சூழ்ந்துகொண்டார்கள். முட்டுவண்டி அடிக்க வருகிறது என்று அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "எங்க வலிக்குது?" என்று கேட்டதும் பேந்தப் பேந்த விழித்தாள். போன வருஷம் எனக்குக் கை கொடுக்க மறுத்த அவர்களுடைய கோச், இந்தத் தடவை தானாக வந்து கொடுத்தார். ஆட்டத்தை ஜெயித்ததைவிட எனக்கு அதுதான் பெரிசாக இருந்தது.

நேற்று டாக்டர் முட்டியை முறுக்கிப் பார்த்துவிட்டு, சின்ன வீக்கம்கூட இல்லை என்றார். முழு ஆட்டமும் பதிவாகி இருக்கிறது. மீதியைப் பார்த்துவிட்டுத் திட்டு.

தம்பி

மார்ச் 17

அன்புத் தம்பிக்கு,

நீ கூரியரில் போட்ட கடிதம் அலுவலகத்துக்கே வந்தது. முதல் வரியைப் படித்ததும் அழுதுவிட்டேன். லிஃப்டில் மாட்டிய ஒரு மனிதர் அப்போது லைனில் இருந்தார். "அழாதீங்கம்மா, எனக்கு ஒண்ணும் ஆகல" என்று அவர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, ஆட்டப் பதிவை நான் நிறுத்திய இடத்திலிருந்து பார்த்தேன். தூக்கிவிட்டார்கள். முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தாள். கேமரா பக்கம் திரும்பி எனக்காக ஒரு தரம் கையை ஆட்டினாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் நடந்துதான் பார்த்திருக்கிறேன். அதையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தேன். புள்ளியெல்லாம் நான் கவனிக்கவில்லை. யார் ஜெயித்தால் எனக்கென்ன?

பெட்டியை அவிழ்க்கச் சொல். இறுதி ஆட்டத்திலும் இறக்கு.

என் பொண்ணு ஓடுறாடா. பயமே இல்லாம ஓடுறா.

அக்கா