வடிகட்டியா, வடிப்பானா

4 மார்ச், செவ்வாய்

பலெர்மோ நகரில், பொலிதேயாமாச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது களத்தைத் திறந்தேன். வீட்டில் மீன் வளர்க்கும் தமிழர்களுக்கான இணையக் களம். முன்பெல்லாம் ஒரு கேள்வி போட்டால் தேத்தண்ணி ஆறுவதற்குள் பத்துப் பேர் வருவார்கள். இப்போது மிஞ்சியது ஐந்து பேர். பூசை முடிந்து வாசலில் நின்று ஒருவர் சீலையை ஒருவர் புகழ்வது போல, ஒருவர் தொட்டியை மற்றவர் புகழ்கிறார்கள். புகழ ஆள் கிடைக்காத நாளில், களத்தை நடத்தும் பாரிஸ் அழகரத்தினம் தன் தொட்டியைத் தானே புகழ்கிறார்.

7 மார்ச், வெள்ளி

ஆரணி என்று புதிதாக ஒரு பிள்ளை. "தண்ணி மாத்தினனான். மீனெல்லாம் மேலை வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. என்ன செய்ய?"

அழகரத்தினம்: "ஏற்கெனவே பேசிய விடயம். தேடிப் பார்க்கவும்."

நிரூபன் தான் விற்கும் மருந்தின் படத்தைப் போட்டான். இன்னொருவர், பில்டரைக் கழுவினீர்களா என்று கேட்டார். அவ்வளவுதான். 'வடிகட்டி என்று எழுதுங்கள்.' 'வடிப்பான் என்பதே சரி.' மூன்று பக்கம்!

மீன் மூச்சுக்குத் தவிக்குது. இவையளுக்கு இலக்கணம்.

நான் எழுதினேன்: குழாய்த் தண்ணீரில் குளோரின் கூடியிருக்கும், உடனே குளோரின் நீக்கியை விடுங்கள், காற்று மோட்டரைப் போடுங்கள். கீழே இன்னொரு வரியும் எழுதினேன்: உங்கள் பட்டிமன்றத்தைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

8 மார்ச், சனி

என் பதிவைக் காணவில்லை. எனக்கு ஒரு மாதத் தடை. காரணம் 'கள நாகரிகம்'. உருப்படியான ஒரே பதில் அழிந்துவிட்டது. வடிகட்டியும் வடிப்பானும் பத்திரமாக இருக்கின்றன.

மத்தியானம் ஆரணியிடமிருந்து மின்னஞ்சல். களத்தில் என் விபரப் பக்கத்தில் ஊரைப் பார்த்திருக்கிறாள். "அக்கா, நானும் பலெர்மோதான். பிரான்காச்சோவிலை இருக்கிறன். நீங்கள் எழுதினதை அழிக்க முதல் வாசிச்சிட்டன். என்னட்டை அந்தக் குளோரின் மருந்து இல்லை. அஞ்சு செத்துப்போச்சு. ரெண்டு கிடக்குது."

மருந்தையும் பழைய காற்று மோட்டரையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

வன்னிப் பிள்ளை. வயதான ஓர் இத்தாலியச் சிஞ்ஞோராவைப் பராமரித்தவள். சிஞ்ஞோரா ஜனவரியில் இறந்துவிட்டார். அவருடைய மீன்களைக் கக்கூசில் கொட்டச் சொன்னானாம் மகன். இவள் வாளியில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறாள்.

"கடைசி நேரத்திலை அவவுக்கு என்ரை பேரும் மறந்துபோச்சு அக்கா. ஆனால் இதுகளுக்குச் சாப்பாடு போட்டனியோ எண்டு மட்டும் கேப்பா."

செத்த ஐந்தையும் கடதாசியில் சுற்றி மேசையில் வைத்திருந்தாள். எறிய மனம் வரவில்லையாம்.

மருந்து விட்டு மோட்டரைப் பூட்டினோம். கன நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒன்று கீழே இறங்கியது. மற்றதும் இறங்கியது. அவள் அழுதாள். நான் அழகரத்தினத்தைத் திட்டினேன். ஆளாளுக்கு ஒரு வழி.

9 மார்ச், ஞாயிறு

கோபம் ஆறவில்லை. வருசா வருசம் அந்த மனுசன் ஒரு தலைப்புத் திறப்பார்: 'உறுப்பினர்கள் ஏன் ஆர்வம் இழக்கிறார்கள்?' கைப்பேசிதான் காரணம், இளசுகளுக்குப் பொறுமை இல்லை என்று அந்த ஐந்து பேருமே பதில் எழுதுவார்கள். கேள்வியோடு வந்தவளை வாசலில் நிறுத்தி எழுத்துப்பிழை பார்க்கிறவர்களுக்கு வேறு என்ன காரணம் தெரியும்? ஆர்வம் எங்கே போனது? மீன் வளர்க்கிறவர்கள் இன்னும் மீன் வளர்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இவர்களிடம் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

எனக்கும் இவ்வளவு வருசம் அங்கை என்ன வேலை?

30 மார்ச், ஞாயிறு

ஆரணி வீடு. அவளுடைய இறால் குழம்பு என்னுடையதைவிட நல்லது. அவளிடம் சொல்லவில்லை.

26 ஏப்ரல், சனி

ஆரணிக்குப் பெரிய தொட்டி ஒன்று மலிவாகக் கிடைத்தது. மீன்களை அதற்கு மாற்றிக்கொண்டிருந்தோம். முழங்கை வரை என் கை தண்ணீருக்குள். போன் அடித்தது. அவள் எடுத்து வாசித்தாள்.

"அழகரத்தினமாம் அக்கா. உங்கடை தடை எப்பவோ முடிஞ்சுதாம். ஏன் இன்னும் வரேல்லை எண்டு கேக்கிறார். என்னெண்டு எழுத?"

"போனை அங்காலை வைச்சிட்டு குழாயைப் பிடி. தண்ணி நிலத்திலை போகுது."